மெயின் கூன் பூனையோடு குடித்தனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சிங்காரம். ஆண், பழுப்பு வரிகள், ஆறு வயது, எடை 7 கிலோ 400 கிராம். சென்னையில் இரண்டாவது மாடி வீட்டில் நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் ஆகியோரோடு அவனும் ஒருவனாக இருக்கிறான். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் "இது பூனையா?" என்பார்கள். காபி குடித்து முடிப்பதற்குள் "எங்களுக்கும் ஒன்று வேண்டுமே, எங்கே கிடைக்கும்?" என்பார்கள். இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் கேட்க வேண்டியவை நிறைய உண்டு. உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இத்தனை வருடங்களில் என்னிடம் கேட்டவற்றையும், வாங்குவதற்கு முன் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மெயின் கூன் என்பது பெர்சியன் பூனைதானே?

இல்லை. இரண்டுக்கும் நீளமான முடி என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு. பெர்சியனுக்கு வட்ட முகம், குட்டி மூக்கு, சின்னக் காது. மெயின் கூனுக்கு முகவாய் நீண்டு சதுரமாக இருக்கும். காது பெரிதாக, நுனியில் குஞ்சம் வைத்ததுபோல் முடி நிற்கும். கழுத்தைச் சுற்றிப் பிடரி, பின்னங்கால்களில் அடர்ந்த முடி, உடம்பு நீளத்துக்கு ஒரு வால். முடியும் பெர்சியன்போலப் பஞ்சாக இருக்காது. முதுகில் குட்டையாகவும் வயிற்றிலும் தொடையிலும் நீளமாகவும், தொட்டால் வழவழப்பாகவும் இருக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மெயின் மாநிலம்தான் இதன் பிறந்த மண். பண்ணைகளிலும் துறைமுகங்களிலும் எலி பிடித்து வளர்ந்த பூனை இது. 1895இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பெரிய பூனைக் கண்காட்சியில் கோசி என்ற மெயின் கூன் முதல் பரிசு வாங்கியது. அப்புறம் பெர்சியன் மோகம் வந்து இதைப் பின்னுக்குத் தள்ளியது. மீண்டும் தலையெடுத்து 1985இல் மெயினின் மாநிலப் பூனையானது.

இந்தப் பிறந்த மண்ணை மறக்கவே கூடாது. பாதத்து விரல்களுக்கிடையில் உள்ள முடி பனியில் நடக்க, உடம்பைச் சுற்றிப் போர்த்த வால் குளிருக்கு. இந்த உடம்பை நாம் மே மாதச் சென்னைக்குக் கொண்டுவருகிறோம். கீழே நான் சொல்வதில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

ரக்கூன் விலங்கோடு கலந்து பிறந்தது என்கிறார்களே?

வரிபோட்ட வாலைப் பார்த்துக் கிளம்பிய கதை. பூனையும் ரக்கூனும் கலந்து குட்டி போட முடியாது.

எவ்வளவு பெரிதாக வளரும்?

ஆண் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோ, சிலது அதற்கும் மேல். பெண் 4 முதல் 6 கிலோ. நாட்டுப் பூனை ஒரு வயதில் வளர்ந்து முடிந்துவிடும், இது மூன்று, நான்கு வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் குட்டிக்கென்று எதையும் சின்னதாக வாங்காதீர்கள். கூண்டு, மணல் பெட்டி, நகம் கீறும் கம்பம் எல்லாம் இரண்டு மடங்கு அளவில் வேண்டும். சிங்காரத்துக்கு வாங்கிய முதல் கம்பத்தை ஒன்பது மாதத்தில் ஒரே தாவில் சாய்த்துவிட்டான். இப்போது தச்சரிடம் சொல்லி அடிப்பலகை கனமாக வைத்து, தாம்புக்கயிறு சுற்றிச் செய்த கம்பம் இருக்கிறது. கடையில் விற்பதைவிட அதுதான் உறுதி.

நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாங்கும், ஆனால் தானாகத் தாங்காது. நீங்கள் தாங்கவைக்க வேண்டும்.

பூனைக்குப் பாதத்தில்தான் வியர்க்கும். நாய்போல வாயைத் திறந்து இரைப்பது அதற்கு வழக்கம் இல்லை. எனவே பூனை வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கினால் "வெயிலுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். அது ஆபத்தின் அறிகுறி. குளிர்ந்த இடத்துக்குத் தூக்கிப்போய், ஈரத் துணியால் பாதங்களையும் அடிவயிற்றையும் துடைத்தபடி மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரை மேலே ஊற்றக் கூடாது.

மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை எங்கள் வீட்டில் ஒரு அறை அவனுக்காகவே குளிராக இருக்கும். பகல் பதினோரு மணி முதல் நான்கு மணி வரை ஏசி 27 டிகிரியில் ஓடும். மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் மின்விசிறி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், கூரை உறிஞ்சிய சூடு இரவிலும் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரை அகலமான மண்சட்டிகளில் மூன்று இடத்தில் வைக்கிறோம். மண்சட்டியில் தண்ணீர் குளிர்ந்திருக்கிறது, வாய் அகலமாக இருப்பதால் மீசையும் இடிப்பதில்லை. இந்த இனத்துக்குத் தண்ணீரோடு விளையாடப் பிடிக்கும். முன்னங்காலால் அளைந்து தரையெல்லாம் நனைத்துவிட்டுத்தான் குடிக்கும். சட்டிக்கு அடியில் தட்டு வையுங்கள்.

மின்கட்டணத்தைக் கேட்டு யோசிக்கிறீர்களா? யோசிக்க வேண்டியதுதான். பகலில் குளிர்ந்த இடம் ஒன்றைத் தர முடியாத வீடாக இருந்தால் இந்தப் பூனை வேண்டாம் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். நாட்டுப் பூனைக்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். இந்த வெயில் அதற்குப் புதிதில்லை, அன்பிலும் குறை வைக்காது.

கோடையில் முடியை மொத்தமாக வழித்துவிட்டால் சுலபம் இல்லையா?

நானும் அப்படி நினைத்து முதல் கோடையில் ஓர் இடத்தில் கொண்டுபோய் வழித்தேன். இரண்டு நாள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். ஜன்னலோர வெயிலில் படுத்ததில் முதுகுத் தோல் சிவந்தது. முடி திரும்பி வளர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது, வளர்ந்ததும் முன்பைவிட அதிகமாகச் சிக்குப் பிடித்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மேல்முடி வெயிலும் கொசுவும் தோலில் படாமல் காக்கிறது, அதை எடுத்துவிடக் கூடாது. அடிவயிற்றிலும் பின்புறம் அழுக்கு ஒட்டும் இடத்திலும் மட்டும் குட்டையாக வெட்டிவிடலாம். தரையில் படுக்கும்போது வயிற்றில் குளிர்ச்சி படும். உடம்பு முழுக்கச் சடை பிடித்துப்போய்விட்டால் மருத்துவர் சொல்லி வழிப்பது வேறு விஷயம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை சீவ வேண்டும்?

புத்தகக் கணக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. என் கணக்கு தினமும் பத்து நிமிடம். வாரத்துக்கு மூன்று என்று வைத்தால் இரண்டாகும், இரண்டு ஒன்றாகும், அப்புறம் ஒருநாள் அக்குளில் எலுமிச்சை அளவுக்குச் சடை இருக்கும்.

கருவி எளிது. பற்கள் இடைவெளி விட்ட எஃகுச் சீப்பு ஒன்று, நெருக்கமான எஃகுச் சீப்பு ஒன்று. முதலில் கையால் தடவிப் பாருங்கள், முடிச்சு எங்கே என்று விரலுக்குத் தெரியும். சடை பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: காதுக்குப் பின்னால், அக்குள், அடிவயிறு, தொடையின் பின்பக்கம், வாலடி. முதுகில் சீவுவது அதற்குச் சுகம். வயிற்றைத் தொட்டால்தான் சண்டை. எனவே முதுகில் தொடங்கி, நடுவில் வயிறு, மறுபடி முதுகில் முடியுங்கள். குட்டியிலேயே பழக்கிவிட்டால் தானாக வந்து மல்லாந்து படுக்கும்.

முடிச்சு இருந்தால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரலால் பிரியுங்கள். கத்தரிக்கோலை எடுக்கவே எடுக்காதீர்கள். பூனையின் தோல் காகிதம்போல மெல்லியது, சடையோடு சேர்ந்து மேலே இழுபட்டு வரும். முடி என்று நினைத்துத் தோலை வெட்டி, தையல் போடும்படி ஆகிவிடும்.

சீவாத முடியெல்லாம் எங்கே போகும்? அது நக்கி விழுங்கும். வயிற்றில் உருண்டையாகி வாந்தியாக வரும். எப்போதாவது ஒன்று வந்தால் பரவாயில்லை. உருண்டை வராமல் குமட்டிக்கொண்டே இருந்தாலோ, சாப்பிடாமல் மலம் கழிக்காமல் இருந்தாலோ குடலில் அடைத்திருக்கலாம், உடனே காட்டுங்கள்.

குளிப்பாட்டலாமா?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். குளிப்பாட்டுவதைவிடக் காயவைப்பதுதான் முக்கியம். மேல்முடி காய்ந்தாலும் அடிமுடி ஈரமாகவே இருக்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் அந்த ஈரம் தோல்நோய்க்கு வழி. குறிப்பாகப் படர்தாமரை நீண்ட முடிப் பூனைகளுக்கு எளிதில் வரும், அது பிள்ளைகளுக்கும் தொற்றும். பிள்ளையின் கையில் வட்டமாகச் சிவந்த தடிப்பைப் பார்த்தால் பூனையின் காதோரத்தையும் பாதத்தையும் பாருங்கள். முடி உதிர்ந்து செதிலாக இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். விரிப்புகளையும் துவைத்துவிடுங்கள்.

பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்று பாட்டி பயப்படுகிறார்.

எங்கள் அத்தையும் இதையேதான் சொன்னார். முடி நோயை உண்டாக்குவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம்தான் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, தூசியாக வீட்டில் மிதக்கும். எனவே நீண்ட முடிப் பூனை அதிக ஆபத்து, குட்டை முடிப் பூனை குறைவு என்று கிடையாது. வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே வீசிங் இருந்தால், வாங்குவதற்கு முன் பூனை உள்ள ஒரு வீட்டுக்கு அவரை நான்கைந்து முறை அழைத்துப்போய் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். தும்மல், கண் அரிப்பு, இழுப்பு வந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு பூனையை வீட்டைவிட்டு அனுப்புவது பெரிய கொடுமை.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் வைத்திருக்கலாமா?

வைத்திருக்கலாம். பயப்படும் கிருமியின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. பூனையின் மலத்தில் வெளிவந்து, ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும் நிலையை அடைகிறது. தினமும் மணலைச் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வேறு யாராவது செய்ய வேண்டும். பூனைக்குப் பச்சை இறைச்சி தராதீர்கள். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும்கூட இது மனிதருக்கு வரும், எனவே சமையலறையிலும் அதே கவனம் வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ளும்?

இந்த இனத்தின் பெரிய குணம் பொறுமை. யார் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே வரும். மடியில் ஏறுவதைவிடப் பக்கத்தில் படுப்பதுதான் பிடிக்கும். சத்தமாக மியாவ் என்று கத்துவது குறைவு. பறவைபோல ஒரு சின்னக் குரல் கொடுக்கும். என் மகள் வீட்டுப்பாடம் எழுதும்போது மேசையில் நோட்டுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுத்துக்கொள்வான், அவள் ஏதாவது கேட்டால் அந்தக் குரலில் பதில் சொல்வான்.

ஆனால் பொறுமை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. 7 கிலோ பூனையை அக்குளில் கை கொடுத்துத் தொங்கவிட்டுத் தூக்கினால் அதற்கு வலிக்கும். ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில். ஏழெட்டு வயது வரை உட்கார்ந்துதான் கொஞ்ச வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரைப் பாருங்கள். பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் தவறாமல் போட வேண்டும்.

எங்கள் வீடு சைவம். தயிர்சாதம் போட்டு வளர்க்கலாமா?

முடியாது. இதைக் கனிவாகச் சொல்ல முயன்றிருக்கிறேன், ஆனால் பதில் மாறாது. பூனை இறைச்சியால் மட்டுமே வாழும் உயிர். டாரின் என்ற சத்து அதன் உடம்பில் தேவைக்குப் போதுமான அளவு உற்பத்தி ஆகாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் இதயம் வீங்கிப் பலவீனமாகும், விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயநோய்க்கு ஏற்கெனவே சாய்வு உள்ள இனம் இது, அதனால் இன்னும் மோசம். வீட்டில் இறைச்சி சமைக்க முடியாதென்றால், முழுச் சத்துணவு என்று அச்சிட்ட பூனை உணவை டப்பாவில் வாங்கித் தரலாம். அதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் பூனை வேண்டாம்.

பாலும் வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். நீண்ட முடியில் வயிற்றுப்போக்கு என்றால் என்ன பாடு என்று நினைத்துப் பாருங்கள்.

அசைவ வீடுகளிலும் ஒரு தவறு நடக்கிறது. தினமும் மத்தி, நெத்திலி என்று மீன் மட்டுமே போடுவது. எண்ணெய் அதிகமுள்ள மீன் மட்டுமே தின்றால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பில் அழற்சி வரும். சில மீன்களைப் பச்சையாகத் தந்தால் வைட்டமின் பி1 அழியும். வாரத்துக்கு இரண்டு நாள் வேகவைத்து, முள் எடுத்து, உப்பில்லாமல் தாருங்கள். கருவாடு வேண்டாம். குழம்பிலிருந்து எடுத்த துண்டும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

வீட்டில் எதையெல்லாம் ஒளித்து வைக்க வேண்டும்?

முதலில் பினாயில். பூனையின் கல்லீரலுக்குச் சில வேதிப்பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. பினாயில் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போகும். நாங்கள் சோப்புத் தண்ணீரில்தான் துடைக்கிறோம். அதே கல்லீரல் காரணத்தால் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். காய்ச்சல் என்று நீங்களாகக் கொடுக்காதீர்கள். நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கலாம், அதுவும் பூனைக்கு எமன்.

அந்துருண்டை, கற்பூரம் மூடிய டப்பாவில் இருக்கட்டும். பூங்கொத்தில் லில்லி மலர் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அதன் மகரந்தம் நீண்ட முடியில் ஒட்டி, நக்கியதும் சிறுநீரகம் செயலிழக்கும். மல்லிகையால் ஆபத்து இல்லை, ஆனால் அதைக் கட்டிய நூலால் உண்டு. பூனையின் நாக்கில் முட்கள் உள்நோக்கி இருப்பதால் நூல் வாயில் போனால் துப்ப முடியாமல் உள்ளேதான் இழுபடும், குடலை அறுக்கும். அத்தை பூக்கட்டி முடித்ததும் நூற்கண்டு பீரோவுக்குள் போய்விடும்.

பால்கனிக்குப் புறா வலை போட்டிருக்கிறோம், போதுமா?

புறாவை வெளியே நிறுத்தப் போதும். 7 கிலோ பூனை பாய்ந்தால் நைலான் வலையின் கொக்கி பிடுங்கிக்கொள்ளும், கடித்தும் ஓட்டை போடும். எஃகுக் கம்பி வலையோ நெருக்கமான கிரில்லோ வேண்டும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்பதை நம்பாதீர்கள். தாடை, நெஞ்சு, கால் முறிந்து வரும் பூனைகள் எத்தனையோ.

இதயநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதயத் தசை தடித்துப்போகும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக வருகிறது. இதற்குக் காரணமான ஒரு மரபணுப் பிழையை 2005இல் கண்டுபிடித்தார்கள். மெயின் கூன்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று அதைச் சுமக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தப் பிழையைப் பெற்ற குட்டிக்கு ஆபத்து மிக அதிகம். இரத்தமோ கன்னத்தின் உட்பக்கச் சுரண்டலோ கொடுத்து மரபணுச் சோதனை செய்யலாம். அது சரியாக இருந்தாலும் நோய் வராது என்ற உத்தரவாதம் இல்லை. வேறு காரணத்தாலும் வரலாம், அதனால் எக்கோ ஸ்கேன் தேவை.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பூனை ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு இரவு மகன் எண்ணி நாட்காட்டியில் எழுதுகிறான், சிங்காரத்துக்கு 20, 22 என்று வரும். திடீரென்று பின்னங்கால்கள் விழுந்து, தொட்டால் சில்லென்று இருந்து, பூனை வலியில் அலறினால் அது இரத்தக்கட்டி அடைப்பு. ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

மணல் பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

மூக்கிலிருந்து வாலடி வரை உள்ள நீளத்துக்கு ஒன்றரை மடங்கு. கடையில் விற்பவை போதாது. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா வாங்கி ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொண்டோம்.

விலை என்ன? வாங்கும்போது எதைப் பார்ப்பது?

லட்ச ரூபாயைத் தொடும் விலை சாதாரணம். அதைவிட எனக்குக் கவலை தருவது, பெர்சியன் கலப்புக் குட்டியை மெயின் கூன் என்று விற்பது. இரண்டு மாதக் குட்டியில் வித்தியாசம் தெரியாது. அதனால் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நேரில் போய், வளரும் இடத்தைப் பாருங்கள். பெற்றோரின் மரபணுச் சோதனைத் தாளையும் எக்கோ அறிக்கையையும் கேளுங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, நல்ல ஆரோக்கியமான குட்டி" என்று பதில் வந்தால் கிளம்பிவிடுங்கள். 12 வாரம் ஆகாத குட்டியை எடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு உணவு, மணல், மருத்துவர் என்று எங்களுக்கு மாதம் 6,000 ரூபாய்க்குக் குறைவதில்லை, ஏசி தனி. 12 முதல் 15 வருடம் வாழும் உயிர் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஊருக்குப் போனால் என்ன செய்வது?

பூனைக்கு மனிதர்களைப்போலவே இடமும் முக்கியம். நான்கைந்து நாள் என்றால் வேறு இடத்தில் விடுவதைவிட, தெரிந்தவர் ஒருவர் காலையும் மாலையும் வீட்டுக்கு வந்துபோவது நல்லது. கோடையில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஊருக்குப் போவதில்லை, ஒருவர் தங்கிவிடுவோம். மற்ற மாதங்களில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மருத்துவரின் எண், உணவின் அளவு, ஏசி போட வேண்டிய நேரம் எழுதி ஒட்டியிருக்கிறோம். சாவியோடு சேர்த்துச் சீப்பையும் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவோம்.